வீடு திரும்பிய பிறகு

குற்றாலத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் சனம் வருகிறது. ஆனி, ஆடிச் சாரல் விழுந்துவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்க அவ்வளவு கூட்டம். அங்கிருந்து சற்றுத் தொலைவில், வயலும் குளமும் சூழ்ந்த ஆய்க்குடியில், அருவிக்கரைவரை நடந்துபோக முடியாதவர்களுக்காக 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிறது. தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1976-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வில் கழுத்தில் அடிபட்டு, அதற்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்குச் சூட்டினார். தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இவர்களைப் போன்றவர்களுக்கு நம் அரசுக் காப்பீடு என்ன தருகிறது?

அந்தக் காப்பீட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கிறது. இதய ஆபரேஷனுக்காக வயலை விற்ற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. அந்த நிலைமையை மாற்றியது இந்தக் காப்பீட்டு அட்டை.

ஆனால், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவரை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. ஆகவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆபரேஷன் காப்பீட்டில் நடந்துவிடும். தையல் பிரித்து டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்த அன்றுதான் அவருடைய நோய் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். தவறினால் இடுப்பில் தோல் சிவக்கும், சில நாளில் புண்ணாகும். சிறுநீருக்கு டியூப், பை, கையுறை, பஞ்சு, தண்ணீர் மெத்தை, பிசியோதெரபிக்கு ஆட்டோக் கூலி. புரட்டிவிடுபவர் பெரும்பாலும் மனைவி. அதுவரை பீடி சுற்றிக் குடும்பத்துக்கு உதவியவர், இனி முழுநாளும் பீடித் தட்டோடு உட்கார முடியாது. இந்தச் செலவுகளுக்கு அந்த 5 லட்சத்தில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. புண் ஆழமாகி, காய்ச்சல் வந்து, மறுபடி அட்மிட் ஆகிறாரே, அப்போதுதான் அட்டை மீண்டும் பேசும். பஞ்சுக்கும் மெத்தைக்கும் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய புண்ணுக்கு அதைப் போல் பல மடங்கு செலவழிக்கிறோம். அந்த மனிதர் பட்ட வேதனையை எந்தக் கணக்கில் எழுதுவது?

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு இந்த இடைவெளியை ஓரளவு புரிந்துகொண்ட திட்டம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை, வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, தெரபி எல்லாம் சேர்த்து. வயது வரம்பு இல்லை, முன்கூட்டி உடல் பரிசோதனை இல்லை. ஆனால் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் உள்வரம்பு உண்டு. முதலில் கையிலிருந்து செலவழித்து, பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். கையில் காசில்லாத வீட்டில் அந்த முதல் பில்லே உருவாகாது. தவிர, 1999-ம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கே அது பொருந்தும். தண்டுவடக் காயமும் தசைச்சிதைவும் அந்த நான்கில் இல்லை. ஆய்க்குடியில் இத்தனை பேருக்கு வழிகாட்டிய இருவரின் உடல்நிலைகளே பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்ட பிறகும் காப்பீடு நான்கோடு நிற்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

சங்கம் தொடங்கிய அதே 1981-ல் அமெரிக்காவிலும், வீட்டில் பராமரிக்கக் காப்பீடு பணம் தருமா என்ற இதே கேள்வி எழுந்தது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற மூன்று வயதுக் குழந்தை செயற்கைச் சுவாசத்தோடு மருத்துவமனையில் கிடந்தாள். அங்கே இருந்தால் அரசுக் காப்பீடு பணம் கட்டும், வீட்டுக்குப் போனால் கட்டாது. வீட்டுச் செலவோ மருத்துவமனைச் செலவில் ஒரு சிறு பங்குதான். அதிபர் ரீகன் அதை வெளிப்படையாகப் பேசிய பிறகு அவளுக்காக விதி தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே மற்றக் குழந்தைகளுக்கும் சட்டத்தில் வழி பிறந்தது.

நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் இது தெரியாத பாடம் அல்ல. காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதோடு நிறுத்தாமல், பேச்சுப் பயிற்சிக்கும் அது பணம் தருகிறது. பயிற்சி இல்லாவிட்டால் ஆபரேஷன் வீண் என்று உணர்ந்துதான் அப்படி வைத்தார்கள். முதுகுத்தண்டுக்கும் அதே நியாயம் பொருந்தாதா? 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி பிசியோதெரபி தருகிறது. நல்ல காரியம்தான், ஆனால் ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றும் ஒருவர் ஒரு வீட்டுக்கு எத்தனை தடவை வர முடியும்?

ஆய்க்குடியிலிருந்து ஊர் ஊராகப் போகும் சங்கத்தின் களப்பணியாளர்கள் வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறார்கள், தாய்க்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வேலை நன்கொடையை நம்பி நடக்க வேண்டியதில்லை. வீட்டு வருகைக்கு ஒரு தொகை, மாதந்தோறும் டியூப்புக்கும் பஞ்சுக்கும் ஒரு தொகை, பராமரிப்பவருக்குப் பயிற்சியும் படியும் எனக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கலாம். நிராமயாவை 21 வகைகளுக்கும் விரிக்கலாம், பில் இல்லாமல் நேரடியாகச் செலுத்தலாம். முதலில் தென்காசி மாவட்டத்தில் மட்டும் இரண்டு ஆண்டு நடத்திப் பார்க்கட்டும். செய்யத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.