காணாத ஊருக்குக் கடன் உண்டா?

செப்டெம்பர் மாதத்தில் ஒன்ராறியோ ஏரியை அண்டி வசிக்கும் அன்பர்கள், செம்மஞ்சள் செட்டையில் கறுப்புக் கோடுகள் ஓடும் வண்ணத்துப்பூச்சிகளைத் தமது வீட்டுத் தோட்டங்களில் கண்டிருப்பீர்கள். மொனார்க் என்பது அவற்றின் பெயர். பூக்களில் தேன் குடித்துவிட்டுத் தெற்கே போகின்றன. அரைக் கிராம் நிறையுள்ள இந்தப் பூச்சிகள் 3000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து மெக்சிக்கோவின் மலைக் காடுகளில் மாரியைக் கழிக்கின்றன. அந்த இடத்தை அறிய ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் பிரெட் ஏர்க்காட்டும் அவருடைய மனைவி நோராவும் செட்டைகளில் சிறு சீட்டுகளை ஒட்டிப் பல வருடங்கள் தேடினர். அவர்களுக்கு உதவியவர்கள் 1975 ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள்.

எம்மை யோசிக்க வைப்பது தூரம் அல்ல. இப்போது போகிற பூச்சி மெக்சிக்கோவைக் கண்டதே இல்லை. வசந்தத்தில் அங்கிருந்து புறப்பட்டவை வழியிலேயே முட்டையிட்டு மடிந்தன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சில கிழமைகளே வாழ்ந்தன. போவது பூட்டப்பிள்ளை.

"பூச்சிக்குக்கூட ஊர் தெரியுது, எங்கட பிள்ளையளுக்குத் தெரியேல்லையே" என்று எம்மவர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது நியாயமான ஒப்பீடா? பூச்சி சூரியனை வைத்துத் திசை பிடிக்கிறது. போகாமல் இருப்போமா என்று அது யோசிப்பதில்லை. ஆகவே அதற்குப் புண்ணியமும் இல்லை. இங்கு பிறந்த பிள்ளைக்கோ வேண்டாம் என்று சொல்லவும் முடியும். கணக்கெழுதுவது எமது தொழில். கையொப்பம் இடாதவர் பெயரில் கடனைப் பதிந்தால் எந்தக் கணக்காய்வாளரும் விடமாட்டார். ஊரை விட்டு வந்தவர்கள் நாம். அந்தக் கடன் எமது பெயரிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் பெற்றாருக்கு வேலையே இல்லையா? தாய்ப்பூச்சி பிள்ளைக்கு வழி காட்டுவதில்லை, பிள்ளையைக் காண்பதும் இல்லை. மில்க்வீட் செடியைத் தேடி அதன் இலையில் முட்டையிடுகிறது, அவ்வளவுதான். வேறு இலையில் புழு வளராது. (கிள்ளினால் பால் வடியும் அச்செடி எமது எருக்கலைக்குச் சொந்தம். அதைக் களைப் பட்டியலில் வைத்திருந்த ஒன்ராறியோ அரசு 2014 இல்தான் நீக்கியது.)

எமது வீடுகளில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறோம்? தேரையும் திருவிழாவையும் சொல்கிறோம். பங்கரில் இருந்த இரவுகளைச் சொல்வதில்லை. ஏன் ஓடி வந்தோம் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களின் தொலைபேசிப் பேச்சிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். முழுவதையும் கேட்டபின், "அது உங்கட ஊர், என்ர இல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். கேட்கும் பெற்றாருக்கு நோகும். அந்த நோவுக்குப் பயந்து சொல்லாமல் விடுவது எமக்குச் சரியாகப் படவில்லை.