நோயும் நிலமும் அறமும்

நோய் வந்தால் விதியின்மேல் பழியைப் போடுவது மனித இயல்பு. விதியைப் பழித்துவிட்டால் வேறு எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஒரே கப்பலில் வந்து ஒரே தொழிலைச் செய்த இருவருள் ஒருவன் கடலோரத் தோட்டத்தில் நலமாய் வாழ, மற்றவன் குன்றுத் தோட்டத்தில் காய்ச்சலால் மடிந்தான் என்றால், அதனையும் விதி என்று விட்டுவிடலாமா? மலாயா இரப்பர்த் தோட்டங்களின் வரலாறு எழுப்பும் வினா இது.

மலேரியாவின் நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலாக்க முனைந்தார். கிள்ளான் நகரிலும், அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. புதர்க்காடு அகற்றப்பட்டது, சதுப்பில் வடிகால் வெட்டப்பட்டது, நோய் தணிந்தது.

கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் அவ்வாறே நடந்தது. அங்கு நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. காடு அழிந்து நீர் வடிந்ததும் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

காட்டை வெட்டினால் காய்ச்சல் ஒழியும் என்று இதனைக் கொண்டு முடிவு செய்தால் அது பிழை. குன்று நிலங்களில் காட்டை வெட்டியபோது, மரநிழலில் ஓடிய தெளிந்த ஓடைகள்மீது வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த நீரே அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் வேறொரு கொசு பெருகும் இடம். எனவே, சமவெளியில் உயிர் காத்த அதே செயல் குன்றில் உயிர் குடித்தது. கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆதலால் ஓடைக்கு எவ்வளவு அருகில் லயம் கட்டப்பட்டது என்பதே அங்கு வாழ்ந்த குடும்பத்தின் ஆயுளை அளக்கும் கோலாயிற்று.

இதில் குற்றம் யாருடையது? காட்டை வெட்டச் சொன்னவர் கொலை செய்யக் கருதினாரில்லை. கொசுக்களின் வேறுபாட்டை அன்று அவர் அறிந்ததுமில்லை. நோக்கம் தூயதானால் செயலும் தூயது என்பார் உளர். அக்கூற்று பாதி உண்மையே. பிறர் உயிரைத் தன் முடிவில் ஏற்றிச் செல்பவனுக்குத் தீங்கு நினையாமை மட்டும் போதாது; தீங்கு விளையுமா என்று தேடி அறிவதும் அவன் கடனாகும். நிலத்தைத் தேர்ந்தவர் ஒருவர். அந்நிலத்தில் படுத்துறங்கியவர் வேறொருவர். பால்மரம் வெட்டச் சென்றவனிடம், "இந்த ஓடையருகே குடியிருக்கச் சம்மதமா?" என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாதவனுக்காகவும் எண்ணிப் பார்ப்பதே அறம்.

அறியாமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓடை நீரை நிலத்தடிக் குழாய்வழிச் செலுத்தலாம், நீர்மேல் எண்ணெய் தெளிக்கலாம் என்ற வழிகள் கண்டறியப்பட்டன. வாட்சன் தம் பட்டறிவை 1911இல் நூலாகவும் வெளியிட்டார். அறியாத நாளில் நேர்ந்த மரணம் துயரம். வழி தெரிந்த பின்னும் செலவுக் கணக்குப் பார்த்துத் தாழ்த்திய நாளில் நேர்ந்த மரணமோ அநீதி. இரண்டிலும் காய்ச்சல் ஒன்றே. இடையில் வந்து சேர்ந்தது மனிதனின் பொறுப்பு.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. மலேசியாவில் மனிதரிடையே பரவிவந்த மலேரியா வகைகள் 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை என்பது பெருமைக்குரிய வெற்றி. எனினும், குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் நோலசி என்னும் மலேரியா தொடர்கின்றது. அதற்கு ஆளாவோரில் பலர், காட்டின் விளிம்பிலும் தோட்டங்களிலும் உழைப்போர். காடு திருத்தப்படும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் ஓரிடத்தில் நெருங்குகின்றன.

நிலம் எவரையும் பழிவாங்குவதில்லை. எவருக்கும் பரிவு காட்டுவதுமில்லை. நாம் செய்ததை அது நமக்குத் திருப்பித் தருகின்றது. செய்தவன் ஒருவனும் பெறுபவன் மற்றொருவனுமாக இருக்கும் வரை, கோடரியை உயர்த்துமுன் அந்நிலத்தில் உறங்கப்போகிறவனை நினைப்பது கருணையன்று, கடமை.