பல்லக்கின் எதிரே நின்ற ஆசார்யர்

கற்பித்தல் தொழிலா, கைங்கர்யமா? வேத பாடசாலைகளிலும் வடமொழிக் கல்லூரிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்களைக் குறித்து இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. சம்பளம் பெறுபவர் தம்மைத் தொண்டர் எனலாமோ என்பர் சிலர். தொண்டர் எனில் சம்பளம் எதற்கு என்று கையை விரிப்பர் நிர்வாகத்தார் சிலர். கைங்கர்யம் என்னும் சொல்லைக் காட்டி ஓர் ஆசிரியர் வீட்டு அடுப்பை அணைப்பது பாகவதாபசாரம் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்னோர் இதனைச் சிந்தியாதவரல்லர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் திருக்கோயிலில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரிக்கு விடப்பட்ட நிவந்தம் அது. இளைய மாணாக்கர் ஒருவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல். ஆசிரியர்க்கும் நெல் உண்டு. அதன்மேல் பொன்னும் உண்டு. வியாகரணமும் மீமாம்ஸையும் உரைப்பவர்க்கு அத்தியாயத்திற்கு ஒரு கழஞ்சு. ஆனால் பொன் பெறுவோர் வரிசையில் வேதாந்தம் உரைப்பவர் மட்டும் இல்லை! அவரைப் பட்டினி போடவில்லை, நெல் அளந்தனர். வயிற்றுக்கு அளந்து கொடுப்பது வேறு, பரம்பொருளைச் சொன்ன சொல்லுக்கு விலை வைப்பது வேறு என்று கருதினர் போலும்.

விலை வையாத கல்வி எத்தகையது என்பதைக் குருபரம்பரை காட்டும். 1323ஆம் ஆண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்ட பிள்ளை லோகாசார்யர், மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்திம தசையிலும் அவருடைய கவலை ஒரு மாணாக்கனைப் பற்றியது. இளமையில் தம்மை ஆச்ரயித்த திருமலையாழ்வார் மதுரையில் ராஜ்ய காரியத்தில் ஆழ்ந்து கிடந்தார். அவரைத் திருத்தி மீட்கும் பொறுப்பைக் கூரகுலோத்தம தாஸர் ஏற்றார்.

மாணாக்கன் ஆசிரியனைத் தேடி வருவதே மரபு. தாஸரோ தாமே சென்றார். பல்லக்கில் வரும் அமைச்சர் செவியில் விழுமாறு திருவிருத்தத்தை அநுஸந்தித்தார். பொருள் யாதென்று அமைச்சர் வினவ, தாஸர் விடை கூறாமல் உமிழ்ந்தார். ஏவலாளர் சீறி எழ, அமைச்சர் தடுத்தார்.

இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். தேடிச் சென்றது தாஸரின் தொண்டு. பல்லக்கில் இருந்தபடியே கேட்டவர்க்குப் பொருள் சொல்ல மறுத்ததும் அதே தொண்டு. மாணாக்கனுக்கு உழைப்பது அவனை மகிழ்விப்பது அன்று. தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் மாணாக்கனுக்கு அதை மட்டும் கொடுத்துவிட்டு நற்பெயர் வாங்குவது எளிது. பின்னர் அமைச்சர் மனம் கனிந்தபோது, தாஸர் அவர் இருக்கும் இடத்திற்கே நாள்தோறும் சென்று ரஹஸ்யார்த்தங்களை உபதேசித்தார்.

அத்துடன் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளவுமில்லை. திருவாய்மொழிப் பொருளைத் திருக்கண்ணங்குடிப் பிள்ளையிடம் கேட்கும்படி அனுப்பினார். ஸ்ரீவசன பூஷணத்தின் ஆழ்பொருளுக்கோ விளாஞ்சோலைப் பிள்ளையைக் காட்டினார். பிறப்பினால் கோயிலுக்குள் புக இயலாமல், திருவனந்தபுரத்தில் ஒரு விளாமரத்தின் மேலிருந்து கோபுரத்தைச் சேவித்து வந்தவர் அப்பெரியவர். பல்லக்கில் வலம் வந்த அமைச்சர், பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை என்று போற்றப்பெற்றவர், பாடம் கேட்க அம்மரத்தடிக்குச் சென்றார்.