முருகனே நடை சாத்துறார், உங்க கடையை எப்போ சாத்துவீங்க?

ஓம் சரவணபவ!

தீபாவளி முடிஞ்சாச்சு. அமாவாசை கழிஞ்சு பிரதமை பிறந்தா கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். மாலை போடுறவங்க, மிளகு விரதம் இருக்கிறவங்க, ஒரு வேளை மட்டும் பால் பழம் எடுக்கிறவங்கன்னு நம்ம குரூப்ல எல்லாரும் தயாராயிட்டீங்கன்னு தெரியும்.

இதே ஆறு நாள் இன்னொரு கூட்டத்துக்கும் சோதனையான நாள். ஆன்லைன்ல சேலை, சுடிதார், டி-ஷர்ட், விளக்கு, பூஜை சாமான்னு விக்கிறவங்க. தீபாவளி சேல்ல போன பார்சல் எல்லாம் ரிட்டர்னா திரும்பி வர்ற வாரம் சரியா இதுதான். 2023 அக்டோபர்ல இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன வியாபாரிகளும் சொந்த மாநிலத்துக்குள்ள ஆன்லைன் தளங்கள்ல விக்கலாம்னு வந்த பிறகு, நம்ம வயசுப் பசங்க, வீட்டுல இருக்கிற அக்காங்க நிறைய பேர் இதுல இறங்கியிருக்காங்க. இதைப் படிக்கிற உங்கள்லயே பத்துல ரெண்டு பேராவது ஹால்ல பார்சல் கவரும் டேப்பும் வெச்சிருப்பீங்க. உங்களுக்காகத்தான் இன்னைக்குப் பதிவு.

என் பெரியம்மா பொண்ணு ஒருத்தி சின்னாளபட்டியில இருந்து சுங்குடிச் சேலை விக்கிறா. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டா.) ரெண்டு வருஷமா நல்லாவே போகுது. ஆனா வேலை எப்படின்னு கேளுங்க. போட்டோல பார்த்த கலர் இல்லைன்னு ஒரு ரிட்டர்ன். முதல் துவைப்புலயே சாயம் விடுதுன்னு ஒரு ஸ்டார். கல்யாணத்துக்குக் கட்டிட்டு, பவுடர் வாசனையோட மடிச்சுத் திருப்பி அனுப்பின சேலை ஒன்னு. கேஷ் ஆன் டெலிவரில போட்டுட்டு டெலிவரி பையன் வந்தா போனையே எடுக்காதவங்க, அந்தப் பார்சல் ஊர் சுத்திட்டு வரும். ஒவ்வொரு பேக்கிங்கையும் வீடியோ எடுத்து வைக்கணும், இல்லைன்னா க்ளெய்ம் நிக்காது. குறிச்ச நேரத்துக்குள்ள அனுப்பலைன்னா அபராதம். பணம் எப்போ வரும், எவ்வளவு பிடிச்சுட்டு வரும்னு அந்த அறிக்கையைப் பார்த்தா, இன்ஜினியரிங் படிச்ச எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் விளங்குது.

போன கார்த்திகை நட்சத்திரத்தன்னைக்கு வீட்டோட பழனிக்குப் போனோம். அவ மலை ஏறலை. 2023 அக்டோபர் 1-ல இருந்து மலைக்கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது, உங்களுக்குத் தெரியும். போனைக் கீழ கொடுத்துட்டு வான்னா, "நாலு ஆர்டருக்கு டைம் ஓடிட்டிருக்கு தம்பி, நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க இருந்தே கும்பிட்டுக்கறேன்"னு அடிவாரத்துல ஒரு கடைத் திண்ணையில உக்காந்துட்டா. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடந்தே வந்தவ. நாங்க இறங்கி வந்து விபூதியை நீட்டினப்போ ஒரு கையால வாங்கிப் பூசிக்கிட்டா. இன்னொரு கையில போன். "மேல வந்திருந்தாலும் என்னடா, கும்பிடுறப்போ கை போனைத்தான் தேடும். எதைப் பார்த்தாலும் எரிச்சலா வருது, இப்ப எல்லாம் சேலையைப் பார்த்தாலே பிடிக்கலை"ன்னா.

இந்தக் கடைசி வார்த்தையைக் கவனிங்க. சேலைன்னா உயிரா இருந்தவ. இதுக்குத்தான் பர்ன்-அவுட்னு பேர். உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய்ப் பட்டியல்ல இதை ஒரு நோயாச் சேர்க்கலை, வேலையால வர்ற நிலைன்னுதான் குறிச்சிருக்கு. மூணு அடையாளம் சொல்றாங்க: சக்தி எல்லாம் வடிஞ்ச மாதிரி இருக்கும், செய்யற வேலை மேலயே கசப்பு வரும், முன்ன மாதிரி செய்ய முடியலைன்னு தோணும். இதுக்குப் பேர் சோம்பேறித்தனம் இல்லை. நிறைய பேர் வீட்டுல அப்படித்தான் திட்டு விழுது, அதனால சொல்றேன்.

சரி, இதுல முருகன் எங்க வர்றார்?

பழனியில ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை. காலையில விளா பூஜைல ஆரம்பிச்சு, உச்சிக்காலம், சாயரட்சைன்னு போய், ராத்திரி 8 மணிக்கு இராக்காலப் பூஜை. அதுக்கப்புறம் பள்ளியறை. அப்புறம் நடை சாத்திடுவாங்க. மூணு லோகத்துக்கும் படியளக்கிற சாமி. உலகம் முழுக்க இருந்து வேண்டுதல் வந்துக்கிட்டே இருக்கு, ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து ஒருத்தர் "முருகா"ன்னு கூப்பிடுறார். அந்த சாமிக்கே "இப்போ நடை சாத்தற நேரம்"னு நம்ம முன்னோர் ஒரு விதி வெச்சிருக்காங்க. இதை யாரும் பக்தி குறைவுன்னு சொல்றதில்லை. சாத்தறதும் பூஜையில ஒரு பகுதி. தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறது ஒரு கைங்கரியம்.

நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் கூட விளக்கு வெச்சு, சூடம் காட்டி, ஷட்டரை இறக்கித் தொட்டுக் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போவார். ஆன்லைன் கடைக்குத்தான் ஷட்டரே இல்லை. கடை போனுக்குள்ள, போன் தலையணைக்கு அடியில.

இதை அக்காகிட்ட சொன்னப்போ அவ விட்டாளா? "சாமிக்கு நடை சாத்தினா கோயில் நிக்கும். நான் சாத்தினா கடன் தவணையை யார் கட்டுவா? சும்மா கதை சொல்லாத"ன்னா. நியாயமான கேள்வி. பக்திப் பதிவு எழுதுறோம்னு இதைத் தாண்டிப் போயிடக் கூடாது.

நான் அவகூட உக்காந்து மூணு மாச ஆர்டரை நேரம் வாரியாப் பிரிச்சுப் பார்த்தேன். ராத்திரி 9 மணிக்கு மேல நல்லாவே ஆர்டர் வருது. ஆனா ராத்திரி 11 மணிக்கு வந்த ஆர்டரை 11.05-க்குப் பார்த்தாலும், காலையில 7 மணிக்குப் பார்த்தாலும், பார்சல் எடுக்கிற வண்டி வர்றது ஒரே நேரம், மத்தியானம்தான். அவ முழிச்சிருந்ததால ஒரு சேலை கூட சீக்கிரம் போகலை. வாங்குறவங்களுக்குக் கடை திறந்தேதான் இருக்கு. கண்ணை மூட வேண்டியது அவ மட்டும். நடை சாத்தின பிறகும் அடிவாரத்துல நின்னு மலையைப் பார்த்துக் கும்பிடுறவங்க வேண்டுதல் போய்ச் சேருது இல்லையா? அப்படித்தான் இதுவும்.

பண்டிகைக்கு மட்டும் விதி மாறும், மாறட்டும். திருச்செந்தூர்ல மத்த நாள் அதிகாலை 5 மணிக்கு நடை திறப்பாங்க. சூரசம்ஹாரத்தன்னைக்கு 1 மணிக்கே திறந்துடுவாங்க. கூட்டம் அப்படி. ஆனா போர் ஆறு நாள்தான். ஏழாம் நாள் திருக்கல்யாணம். அப்புறம் மறுபடி பழைய நேரம். தீபாவளி சேல் பத்து நாளைக்கு ராத்திரி 12 வரை பேக் பண்ணுங்க, தப்பில்லை. நவம்பர், டிசம்பர், தை, மாசி எல்லாத்தையும் சூரசம்ஹார நாளாவே நடத்தினா எந்த உடம்பு தாங்கும்?

அடுத்தது இந்த ஸ்டார் விவகாரம். ரேட்டிங் 4.3-ல இருந்து 3.9-க்கு இறங்கின அன்னைக்கு அக்கா சாப்பிடலை. அதுக்கும் பழனியிலேயே பதில் இருக்கு. காலையில பார்த்தா ஆண்டிக் கோலம். சாயரட்சையில ராஜ அலங்காரம், கிரீடமும் நகையுமா கண் கொள்ளாது. ஆண்டிக் கோலத்தைப் பார்த்தா நாமும் ஆண்டி ஆயிடுவோம்னு ஒரு பேச்சு ஊர்ல உண்டு. எனக்கு அதுல கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. காலையில ஆண்டி, சாயங்காலம் ராஜா, உள்ள நிக்கிற மூலவர் ஒருத்தர்தானே? அலங்காரம் பொழுதுக்கு ஒன்னு மாறும். ரேட்டிங்கும் அப்படி ஒரு அலங்காரம். சேலை தரத்துல குறை சொல்லியிருந்தா சரி பண்ணுங்க, சாயம் விடும்னா முதல் துவைப்புக்கு உப்புத் தண்ணின்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வைங்க. கூரியர் லேட்டானதுக்கு உங்களுக்கு ஒரு ஸ்டார் விழுந்திருந்தா, படிச்சுட்டு அடுத்த வேலையைப் பாருங்க. அது உங்க மூலவரைத் தொடாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லணும். நம்ம தமிழ்நாட்டுல வியாபாரம்னா முதல்ல ஞாபகம் வர்றவங்க நகரத்தார். பர்மா, மலேயா, சிங்கப்பூர்னு கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் பண்ணினவங்க. போன இடத்துல எல்லாம் ஒரு கோயில் கட்டினாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-ல அவங்க கட்டினது. யாருக்குக் கட்டினாங்க? தண்டாயுதபாணிக்கு! காசு எண்ணுறதையே தொழிலா வெச்சிருந்தவங்க, கையில ஒரு தடியும் இடுப்புல ஒரு கோவணமும் தவிர ஒன்னுமே வெச்சுக்காத சாமியை முன்னாடி வெச்சுக் கணக்கு எழுதினாங்க. தைப்பூசம் வந்தா கடையை விட்டுட்டு குன்றக்குடி வழியா பழனிக்குக் காவடியோட நடப்பாங்க. 400 வருஷத்துக்கும் மேல இந்த நடை நிக்கலை. இன்னைக்கும் நடக்கறாங்க. போறது மட்டும் இல்லை, திரும்பி வர்றதும் நடந்தேதான். வியாபாரம் தெரியாதவங்களா அவங்க? வியாபாரம் நல்லாத் தெரிஞ்சதாலதான், அதைக் கீழ இறக்கி வைக்கவும் தெரிஞ்சிருக்கு.

எங்க வேலையில "ஆன்-கால்"னு ஒன்னு உண்டு. சர்வர் படுத்தா நடு ராத்திரியிலும் எழுந்து பார்க்கணும். ஆனா முறை வெச்சு வரும், இந்த வாரம் எனக்குன்னா அடுத்த வாரம் இன்னொருத்தருக்கு. அதோட, எழுந்து ஒன்னும் செய்யத் தேவையில்லாத அலர்ட் அடிக்கடி அடிச்சா, முதல்ல அந்த அலர்ட்டைத்தான் நிறுத்துவோம். இல்லைன்னா நிஜமாவே தீப்பிடிக்கிற அன்னைக்கு யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. செல்லர் ஆப்ல வர்ற நோட்டிபிகேஷன்ல பாதிக்கு மேல இந்த ரகம். "உங்க போட்டியாளர் விலை குறைச்சுட்டார்", "இந்தச் சலுகையில சேருங்க", இதெல்லாம் ராத்திரி 10 மணிக்கு எதுக்கு?

சூரன் கதையை இந்த இடத்துல வெச்சுப் பாருங்க. முருகன் சூரனை இல்லாம ஆக்கலை. வேல் பிளந்த ரெண்டு கூறும் மயிலும் சேவலுமா வந்தது. மயிலுக்கு இடம் காலுக்குக் கீழே, வாகனமா. சேவலுக்கு இடம் கொடியில. யார் எங்க இருக்கணும்னு ஐயன் முடிவு பண்ணினார். அந்தச் சேவல் கூவாதா என்ன? கூவும், விடியற நேரத்துக்கு. நடு ராத்திரியில நாப்பது தடவை கூவினா அதைக் கொடியில வைப்பாங்களா, குழம்புல வைப்பாங்களா? (ஐயன் மன்னிப்பார், சஷ்டி விரத நேரத்துல இந்த உதாரணம் சொல்லியிருக்கக் கூடாது.) ஆப்பைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லலை. சோறு போடுது. அது உங்களைச் சுமக்குதா, நீங்க அதைச் சுமக்கறீங்களான்னு மட்டும் பாருங்க.

அக்கா இப்போ ராத்திரி எட்டரைக்கு நடை சாத்தறா. அன்னைக்குக் கணக்கை ஒரு நோட்டுல எழுதி, வேல் படத்துக்கு முன்னாடி வெச்சு, சூடம் காட்டிட்டு போனை ஹால்லயே சார்ஜ் போட்டுடுவா. வியாழக்கிழமை பேக்கிங்கை அவ வீட்டுக்காரர் பார்க்கிறார், முதல் வாரம் ரெண்டு சேலையை மாத்தி அனுப்பி ஒரே ரகளை. விடுமுறை வைக்கிற வசதி பல ஆப்ல இருக்கு. அதைப் போட்டா பட்டியல்ல கீழ போயிடுவோம்னு இன்னும் பயப்படுறா. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். சஷ்டியன்னைக்கு ஒரு நாள் மட்டும் போட்டுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கா.

இன்னொன்னு. வாரக் கணக்கா தூக்கம் வரலை, நெஞ்சு படபடங்குது, வாழவே பிடிக்கலைன்னு தோணுதுன்னா விரதமும் பாராயணமும் மட்டும் போதும்னு இருந்துடாதீங்க. டாக்டரைப் பாருங்க. 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். டாக்டர்கிட்டப் போனா முருகன் கோவிச்சுக்குவாரா? வைத்தீஸ்வரன் கோயில்ல செல்வமுத்துக்குமாரசாமியா அவர் நிக்கிற சன்னிதியில, அப்பாவோட பேரே வைத்தியநாதர்.

சஷ்டி ஆறு நாளும் ராத்திரி எட்டரைக்கு நான் கவசம் படிக்கிறேன். என் போன் அடுத்த ரூம்ல இருக்கும். உங்க கடையைச் சாத்திட்டு அதே நேரத்துக்கு உங்க வீட்டுல உக்காந்து படிங்க. பார்சல் கட்டுக்கு நடுவுல உக்காந்து படிச்சாலும் பரவாயில்லை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.