ரோகிணிக் கரையும் முட்டா நதியும்



சாக்கியரும் கோலியரும் ரோகிணி நதியின் நீருக்காக ஆயுதமேந்தி எதிரெதிரே நின்ற வரலாறு நாம் பன்முறை கேட்டதே. இரு கரையிலும் பயிர் வாடிற்று. உழவரின் வாய்ச்சண்டை அரசகுலத்தாரின் போராய் மூண்டது. பகவன் புத்தர் இடையிற் சென்று, நீர் பெரிதோ, மனிதர் குருதி பெரிதோ என்று வினவி அவர்களை நாணச் செய்தார்.

அங்கே நீர் போதாமையால் பகை. புனே நகரிலோ நீர் கண்ணெதிரே ஓடியும் அதிற் கைந்நனைப்பார் அரிது. சஹ்யாத்திரி மலையில் தெளிவாய்ப் பிறக்கும் முட்டா நதி, கடக்வாஸ்லா அணையில் தேங்கி நகருக்குக் குடிநீராகிறது. நகருக்குள் நுழைந்தபின் அந்நகரின் சாக்கடையையே சுமந்து, முளா நதியோடு கலந்து, பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலை அடைகிறது.

இந்நதிக்காக உழைப்போருள் ‘ஜீவித் நதி’ என்னும் அமைப்பின் தொண்டர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருநாள் குப்பை அள்ளிவிட்டு மறந்துபோகும் கூட்டமன்று இது. கரையின் ஒரு பகுதியைத் தத்தெடுத்து, விட்டல்வாடி போன்ற இடங்களில் மீண்டும் மீண்டும் கூடுகின்றனர்.

அன்பர்களே, இதை நாம் சாதாரணமாக எண்ணலாகாது. துப்புரவு வேலையைச் சில சாதியாரின் தலையிற் கட்டிவிட்ட நாடு இது. குளத்து நீரைத் தொடும் உரிமைக்காகவே 1927 மார்ச் 20இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் செல்ல நேர்ந்தது. அவரே 1954 டிசம்பர் 25இல் புனேவை அடுத்த தேகு ரோட்டில் புத்தர் திருவுருவை நிறுவினார். அத்தகைய மண்ணில், எவரும் ஏவாமலே ஒருவர் பிறர் எறிந்த அழுக்கை எடுக்கக் குனிவாராயின், அக்குனிவிலேயே தம்மம் இருக்கிறது. கூலிக்கு அதே பழைய கைகளை அழைத்து நதியைத் தூய்மை செய்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை.

ஆயினும் கரைக்குப்பை அற்பமே. பெருங்கேடு கழிவுநீர், அதைச் சுத்திகரிப்பது மாநகராட்சியின் கடன், தொண்டர்களின் கூடை அதற்கு ஈடாகாது. ஆனால் சுத்திகரிப்பு நிலையமும் முற்றிலும் நீக்கவியலாத இரசாயனங்கள் சில நம் குளியலறையிலிருந்தே புறப்படுகின்றன. நோயற்ற பிக்கு நீரில் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் ஆகாதென்று விநயத்தின் சேக்கிய விதிகளில் உள்ளது. துவராடை உடுத்தாத நமக்கு அவ்விதி இல்லை என்பதுதான் நம் வசதி போலும்!

இத்தொண்டர்கள் இல்லந்தோறும் சொல்வது எளிய செய்தி: இரசாயனச் சவர்க்காரத்தைக் குறைத்துப் பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் கொள்ளுங்கள் என்பதே. நம் பாட்டிமார் அறிந்ததுதான். பூந்திக்கொட்டையை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். காலையிற் பிசைந்து வடித்தால் நுரைக்கும். வாசனை மட்டும் இராது.