நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

நண்பர்களே, ஒரு கேள்வி. நல்லது செய்யணும்னு ஒருத்தர் மனசார நினைக்கிறார். நேரம் ஒதுக்குகிறார், சொந்தக் காசையும் போடுகிறார். அதனால மட்டும் அவர் செய்வது நல்ல செயல் ஆகிவிடுமா? ஆகிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஜொகூர் பாருவுக்கு வந்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

நான் ஈப்போ பக்கத்துப் பிள்ளை. 2024 அக்டோபரில் பொறியியல் படிக்க ஸ்கூடாய்க்கு வந்தேன். தேசியப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துவோம். அதே வகுப்பை இங்கேயும் தொடங்குவது என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அட்டவணை, எழுத்து அட்டைகள், பயிற்சித் தாள்கள் எல்லாம் பெட்டியில் தயார்.

வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் வாடகை அறைக்கு மெத்தை வாங்கினேன், இணைய வசதி போட்டேன், பஸ் எண்களை மனப்பாடம் செய்தேன். "செட்டில் ஆயிட்டேம்மா" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

உண்மையில் என் அட்டவணையின் முதல் வரியே தப்பு. அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2014-இலிருந்து அப்படித்தான் இருந்தது. 2025 ஜனவரியில்தான் மறுபடி சனி, ஞாயிறு ஆனது. நான் "ஞாயிறு காலை மணி 9" என்று அச்சடித்து வைத்திருந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள்! வகுப்புக்கு இடம் பார்த்துக் கொடுத்த அக்கா சிரித்துவிட்டு, "தம்பி, ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிருக்கலாமே" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னது நாளைப் பற்றி மட்டும் அல்ல என்று அப்போது தெரியவில்லை.

வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். முதல் நாள் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். வீட்டைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று எழுந்து, "அம்மா டெய்லி ஜாம்ல மாட்டிக்குவாங்க, நான்தான் தம்பிக்கு மெகி போட்டுக் கொடுப்பேன்" என்றது. நான் உடனே, "டெய்லி, ஜாம் ரெண்டுமே தமிழ் இல்லம்மா. தினமும், நெரிசல்னு சொல்லணும்" என்று திருத்தினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அது உட்கார்ந்துகொண்டது. அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பசியாற வரச் சொன்னார். கடையில் பாதிப் பேர் வேலைச் சட்டையோடு நின்றபடியே தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் சிங்கப்பூருக்கு. 1924-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் வேலை முடியும் நேரத்து நெரிசலும் சேர்ந்தால் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகிவிடும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் பல குடும்பங்கள் இந்தப் பாலத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் அம்மாவும் தினம் இதில் போகிறவர்தான்.

அந்தப் பிள்ளை தன் வீட்டுக் கதை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் அதில் இரண்டு சொற்களை மட்டும்தான் கேட்டேன்.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தகுந்த இடம், தகுந்த காலம், தகுந்த ஆள் அறிந்து, கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பது சாத்விகம். பலனை எண்ணி, மனம் வருந்திக் கொடுப்பது ராஜசம். இடமும் காலமும் பாராமல், பெறுகிறவரை மதிக்காமல் கொடுப்பது தாமசம். கல்வி கொடுப்பதும் தானம்தானே? என் வகுப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். காலம் தப்பு, இடம் தெரியாது, பெறுகிறவரை நாலு பேர் முன் சிரிக்க வைத்தேன். கைக்காசு போட்டதால் மட்டும் அது சாத்விகம் ஆகிவிடுமா?

இதைக் கேட்ட என் அறைத்தோழன் விடவில்லை. "நீ ஊரைப் புரிஞ்சிக்கிட்டே இருந்தா நாலு வருசப் படிப்பே முடிஞ்சிடும். அதுக்குள்ள பிள்ளைங்க தமிழை மறந்திடும். தப்பா இருந்தாலும் நடக்குற வகுப்பு, நடக்காத வகுப்பைவிட மேல்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. 'இன்னும் தயாராகவில்லை' என்பது சோம்பேறிக்கு வசதியான சாக்கு. பிள்ளைகளைத் திருத்தவே கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை. 'நெரிசல்' என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் முதலில் நான், "அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். சொல்லை அதற்குப் பிறகு கொடுத்திருக்கலாம். இதற்கு நாலு வருசம் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

சுவாமி விபுலானந்தரை நினைத்துப் பார்க்கிறேன். இலங்கையின் காரைதீவில் பிறந்தவர், நம்மைப் போல அறிவியல் படித்தவர், இலண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகக் கடல் தாண்டி வந்தார். புதிய ஊர். பேராசிரியருக்கு மேடையும் மரியாதையும் தானாகக் கிடைத்திருக்கும். அவரோ பக்கத்துத் திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குப் போய்ப் பழகி, அங்கிருந்த பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரும் காத்திருக்கவில்லை. ஆனால் அவர்களை மேடைக்குக் கூப்பிடாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு இவர் போனார். என் தோழனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: வகுப்பைத் தள்ளிப் போட வேண்டாம், நாம் போய்ச் சேர வேண்டும்.

ஓர் ஊரில் குடியேறுவது என்றால் மெத்தையும் இணையமும் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த ஊர்க்காரர்களிடம் எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளும் வரை நாம் அங்கே குடியேறவில்லை. கொடுக்க மட்டும் வருகிறவன் தன்னையும் அறியாமல் ஒரு படி மேலே நின்றுகொள்கிறான். அங்கிருந்து பார்த்தால் பிள்ளையின் பிழை தெரியும், முகம் தெரியாது.

நானும் அக்காவும் ஒரு நாள் இரவு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அம்மா அப்போதுதான் வந்திருந்தார். களைப்போடு எங்களுக்குத் தேநீர் கலக்கினார். பிள்ளையிடம், "அண்ணன் அன்னிக்கு நீ சொன்னதைச் சரியாக் கேட்கலம்மா, மன்னிச்சிக்கோ" என்றேன். அது பதில் சொல்லவில்லை. இப்போது சில வாரம் வருகிறது, சில வாரம் வருவதில்லை. அம்மாவுக்கு ஓவர்டைம் இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதனால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

உங்களில் பலர் படிக்கவோ வேலைக்கோ நாளை வேறு ஊருக்குப் போவீர்கள். போகும் இடத்தில் தமிழ் வகுப்போ தேவார வகுப்போ தொடங்கவும் நினைப்பீர்கள். கட்டாயம் தொடங்குங்கள். அட்டவணையை மட்டும் ஊரிலேயே அச்சடித்துக் கொண்டுபோகாதீர்கள். போய், அங்குள்ளவர்களோடு ஒரு நாள் பசியாறிவிட்டு, அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.