பூட்டும் காத்திருப்பும்: ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் செய்யும் பணி குலையாதிருக்கும்பொருட்டு மற்றொருவனைக் காத்திருக்கச் செய்தல் எப்பொழுது நியாயமாகும்? மெய்யியல் மாணவர்க்குப் பழக்கமான இவ்வினாவைக் கணினியின் பணிசெயல் முறைமையை அமைப்போரும் எதிர்கொள்ள நேர்ந்துள்ளது. கலைப்பீட மாணவனுக்கு அங்கே என்ன அலுவல் என்று விஞ்ஞானபீட நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும் நியாயம், பட்டினி ஆகிய சொற்களை அவர்கள் நம்முடைய உலகிலிருந்தே இரவல் பெற்றுள்ளனர். இரவல் கொடுத்த பொருள் அங்கே எவ்வாறு பயன்படுகின்றது எனப் பார்ப்பதிலே தவறில்லை.

ஒரு நிரலின் பல இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து ஒரே வேளையில் இயங்குகின்றன. ஓரிழை வாசிக்கையில் மற்றோரிழை அதே இடத்தை மாற்றுமாயின் வாசித்தது பிழையாகும். ஆகவே ஒன்று உள்ளிருக்கையில் ஏனையவை வெளியே நிற்றல் வேண்டும். இவ்வொழுங்கைக் காக்கும் கருவியே பூட்டு எனப்படும்.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு நிரலின் முகவரி வெளியும் பல பரப்புகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஓர் இழை இதுவரை தொடாத பக்கமொன்றைத் தொடும்போது பக்கத் தவறு நிகழ்கின்றது. முறைமை குறுக்கிட்டு, அப்பக்கம் எப்பரப்புக்குரியது எனத் தேடி, அதனை நினைவகத்தில் இட்டு, இழையை மீளவும் ஓடவிடுகின்றது. அதற்கிடையில் அப்பரப்பு நீக்கப்பட்டுவிடக்கூடாது. இதற்கென நெடுங்காலம் முகவரி வெளி முழுவதற்கும் ஒரே பூட்டே இருந்தது. பக்கத் தவறுற்ற இழைகள் வாசகர்களாகப் பல ஒருங்கே உட்செல்லலாம். பரப்பைச் சேர்க்கும் அல்லது நீக்கும் இழையோ எழுத்தராகத் தனித்தே உட்செல்லல் வேண்டும். எழுத்தர் ஒருவர் வாயிலில் வந்து நின்றுவிட்டால், பின்வரும் வாசகரும் அவருக்குப் பின்னால் நிற்க நேரும். நூலகத்தில் ஓர் அலுமாரியை ஒழுங்குபடுத்துவதற்காக மண்டபத்தின் கதவையே சாத்துவது போன்றது இது. அந்த அலுமாரியின் பக்கமே போக நினையாதவனும் வெளியே நிற்கின்றான். அன்ட்ரொயிட் கைபேசியில் ஒரு செயலி திறக்கப்படுகையில் பல இழைகள் ஒன்றாகத் தோன்றிப் புதிய பரப்புகளைக் கோருவதோடு பக்கத் தவறுகளையும் எழுப்புவதால், இந்நெரிசல் அங்கே நன்கு உணரப்பட்டது.

பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுத்தலே ஒருவனைக் கட்டுப்படுத்துவதற்கு நியாயமாகும் என்பது 1859இல் ஜோன் ஸ்டூவர்ட் மில் எடுத்துரைத்த கோட்பாடு. பழைய பூட்டு இக்கோட்பாட்டுக்கு முரணானதன்று. அது தடுத்த தீங்கு மெய்யான தீங்கே. குறை வேறிடத்தில் இருந்தது. தீங்கு நேரக்கூடியது ஒரு பரப்பில். தடை விழுந்ததோ வெளி முழுவதிலும். தடையின் காரணம் சரியாயிருப்பது மாத்திரம் போதாது, தடையின் அகலமும் காரணத்தின் அகலத்துக்கு ஒத்ததாயிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆயினும் பெரும்பூட்டை இட்டோர் சோம்பலினால் அவ்வாறு செய்தனர் எனல் பொருந்தாது. பூட்டுகள் பெருகுந்தோறும் தவறுக்கான வாய்ப்பும் பெருகும். இருவர் ஆளுக்கொரு பூட்டை வைத்துக்கொண்டு மற்றவருடையதற்காகக் காத்திருப்பாராயின் இருவரும் என்றென்றும் நிற்பர். எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா வகுத்த ஒரு கணக்குக்கு உணவு மேசையில் அமர்ந்த மெய்யியலாளர் என்னும் வடிவம் பின்னர் வழங்கலாயிற்று. அதன் பொருள் இதுவே. (மெய்யியலாளரே பட்டினி கிடக்கத் தக்கவர் என எண்ணினர் போலும்!) 1996இல் பல முறைவழியாக்கிகளில் இயங்கத் தொடங்கிய லினக்ஸ், தன் உட்கருவம் முழுவதையும் ஒரே பெரும்பூட்டினால் காத்தது. அதனை முற்றாக அகற்ற 2011 வரை செல்லவேண்டியிருந்தது.

2023இல் வெளிவந்த 6.4ஆம் பதிப்பில் ஒவ்வொரு பரப்புக்கும் தனிப்பூட்டு அமைக்கப்பட்டது. பக்கத் தவறுற்ற இழை முதலில் தன் பரப்பின் பூட்டை மாத்திரம் நாடும். அது கிடையாதவிடத்துப் பழைய பொதுப்பூட்டுக்குத் திரும்பும். எழுத்தர் இன்றும் பொதுப்பூட்டைப் பெற்றே உட்புகுகின்றார். ஆனால் தாம் மாற்றவிருக்கும் பரப்புகளை மாத்திரம் குறியிட்டு அடைக்கின்றார். பொதுவிதி ஒழிக்கப்படவில்லை, அதன் நிழல் சுருக்கப்பட்டது. சீர்திருத்தம் பற்றி எழுதுவோர் கவனிக்கத்தக்க முறை இது.

அகலம் இவ்வாறாக, முறைவரிசை பற்றிய வினா இதனினும் கடினமானது. 2008க்கு முன்னர் லினக்ஸின் சுழற்பூட்டுகளில் வரிசை என்பதே இல்லை. பாய்ந்து பற்றியவர்க்கே பூட்டு. சற்றுமுன் அதனை விடுவித்த முறைவழியாக்கியிடம் பூட்டின் பிரதி அருகிலேயே கிடப்பதால், மறுபடியும் அதற்கே அது கிட்டும். உள்ளவனுக்கே மேலும் சேர்வதை இயந்திரத்திலும் காண்கிறோம். அவ்வாண்டிலே இலக்கச்சீட்டு முறை புகுத்தப்பட, முந்தி வந்தவர் முந்திப் பெற்றனர்.

ஆனால், தூங்கி எழும் இழைகளுக்கான பூட்டுகளில் கடுமையான வரிசைக்கும் ஒரு விலையுண்டு. அடுத்து நிற்பவரை எழுப்பி அழைத்துவரும் வரை பூட்டு எவர்க்கும் பயனின்றிக் கிடக்கும். ஆகவே, விழித்திருக்கும் ஒருவர் இடையில் புகுந்து அதனைப் பெற அனுமதிக்கப்படுகின்றார். முகவரி வெளியின் பொதுப்பூட்டும் இவ்வகையினதே. மொத்தப் பயனைப் பெருக்குக என்னும் பெந்தாமின் வழி இது எனலாம். அத்துடன் நின்றிருந்தால் வரிசையில் நிற்பவர் பட்டினியால் மாள்வர். எனவே ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது: முன்னிற்பவர் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன் காத்துவிட்டாராயின், அதன்பின் எவரும் இடையே புகமுடியாது, பூட்டு அவர் கையிலேயே ஒப்படைக்கப்படும். ஏற்றத்தாழ்வு மிகவும் பின்தங்கியவர்க்கும் நன்மை தருமாயின் ஏற்கலாம் என 1971இல் ரோல்ஸ் எழுதியதற்கு இது அண்மையில் வருகின்றது, ஆனால் அதுவேயன்று. ரோல்ஸ் பின்தங்கியவரின் நன்மையை வேண்டினார். இங்கே அவருடைய துன்பத்துக்கு ஓர் உச்சவரம்பு மாத்திரமே உண்டு.

இழைக்கு நோவில்லையே, நியாயம் எதற்கு என்று வினவலாம். உண்மையே. அதனாற்றான் அந்த 4 மில்லிசெக்கனைப் பொறியியலாளர் தாமே குறித்துக்கொள்ள முடிந்தது. பூட்டின் அகலத்தைக் குறைத்த முறையை நான் தயக்கமின்றி மனித காரியங்களுக்கும் கொண்டுவருவேன். இவ்வெல்லையைக் குறித்த முறையை அவ்வாறு கொண்டுவர என்னால் இயலவில்லை. வரிசையில் நிற்பவன் மனிதனாயின், எவ்வளவு நேரம் என்று சொல்வதில் அவனுக்கும் வாயுண்டு.